கணுக்காலில் ஒரு சிறு கதவு

இரவு ஒன்று நாற்பது. கார் து நோர் நிலையம்.
நான்காம் இலக்க நகரும் படியின்
சீப்புத் தட்டைக் கழற்றி வைத்துவிட்டுக்
குழிக்குள் நிற்கிறேன்.
சங்கிலியில் சிக்கியிருக்கிறது
ஒரு குழந்தையின் கையுறை.
லோயிக் மேலிருந்து கைபேசியை நீட்டுகிறான்:
"உன்ர ஆள் செத்துப்போனார்."

என்ர ஆள்.
மினெகிஷி தமோட்சு, எண்பத்தொரு வயது.
ஒரு கிழமை கழித்துத்தான் அறிவித்திருக்கிறார்கள்.

முப்பத்து நான்கு வயதுவரை
எனக்கு அந்தப் பெயர் தெரியாது.
இங்கே ஒளிபரப்பியவர்கள்
கடைசி எழுத்தோட்டத்தை வெட்டிவிட்டு
ஒரு பிரெஞ்சுப் பாட்டை ஒட்டியிருந்தார்கள்.
வெட்டுண்ட துண்டுக்குள் இருந்தார் அவர்,
'இயந்திர வடிவமைப்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்,
ஒன்றரை விநாடி.

புதன்கிழமைகளில் பள்ளி இல்லை.
ஒபேர்வில்லியேயில் ஏழாம் மாடி.
அம்மா அலுவலகங்கள் துடைக்கப் போயிருப்பா.
யாரோ தெருவில் விட்டுப்போன பெட்டியில்
நிறம் வராது. தட்டினால் ஒலி வரும்.
எங்கள் கட்டடத்தைவிட ஒரு மாடி உயரமானவன்
கடலைக் கிழித்துக்கொண்டு எழும்புவான்.
மற்றப் பிள்ளைகள் அவன் வாளைப் பார்த்தார்கள்.
நான் கணுக்காலைப் பார்த்தேன்.
அங்கே ஒரு சிறு கதவு,
கதவுக்கு ஒரு பிடி,
கீழே மூன்று படி ஏணி.
ஐம்பத்திரண்டு வாரமும்
ஒருத்தரும் அதைத் திறக்கவில்லை.

பிறகு தேடித்தேடி வாசித்தேன்.
நாற்று நடும் இயந்திரக் கம்பனியில்
கையேட்டுக்குப் படம் வரைந்தவராம்.
'ஆணியை இடப்பக்கம் திருப்புக':
அந்த அம்புக்குறியிலேயே ஆறு வருடம்.
ஸ்டூடியோவுக்குப் போன முதல் நாள் கேட்டாராம்,
"இவனுக்கு எண்ணெய் விடுவது யார்?"
சிரித்தார்களாம்.

பொம்மை விற்பவர்கள் தோளை அகட்டச் சொன்னார்கள்.
அகட்டினார்.
நெஞ்சிலிருந்து சிங்கம் வரவேண்டும் என்றார்கள்.
வரவைத்தார்.
சிங்கத்தின் காதுக்குப் பின்னால்
எண்ணெய் விட ஒரு துளையும் வைத்தார்.
நாற்பத்து மூன்று தொடர்கள்.
எட்டாம் வாரத்தில் நிறுத்தப்பட்ட ஒன்றும் அதில் உண்டு;
விற்காத பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக
அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம்.
கணினி வந்தபோது முறைப்பட்டார்:
"முழங்கால் தன்னையே ஊடுருவிப் போகிறது,
அதற்கு வலிப்பதில்லை."
பிறகு, அறுபத்தெட்டு வயதில், அதையும் பழகினார்.

நானும் பழகினேன்.
என் அளவில் வேலைச்சட்டை இல்லையென்று
நான்கு வருடம் கையை மடித்தேன்.

"சிவப்பு" என்கிறான் லோயிக்.
"ஆர்?"
"கடலுக்குள்ளயிருந்து வாறவன்."
"சாம்பல்."
"சிவப்படி. பிரெஸ்டில எங்களிட்ட கலர் டிவி."
குழிக்குள் நின்றபடி சண்டை பிடித்தேன்.
அவன் படத்தை எடுத்துக் காட்டினான்.

சிவப்புத்தான்.
மிளகாய்ப்பழச் சிவப்பு.
முப்பத்தைந்து வருடம் ஒருவனை
நிறம் தெரியாமல் நேசித்திருக்கிறேன்.

"கதவைப் பெருசாக்கு" என்றேன்.
விரல்களால் விரித்தான்.
பிடிக்கு மேலே
எறும்பு ஊர்ந்ததுபோல் ஓர் ஜப்பானிய வரி;
எங்கள் பெட்டியில் அது வெறும் தூசி.
கைபேசியிடம் கேட்டோம்.
யோசித்துவிட்டுச் சொன்னது:
'திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்தவும்.'

லோயிக் சிரிக்கத் தொடங்கினான்.
நான் குனிந்து
என் ஆளியைப் பார்த்தேன்.
நிறுத்தித்தான் இருந்தது. பூட்டும் போட்டிருந்தது.
என்றாலும் இன்னொரு தரம் பார்த்தேன்.

நான்கு ஐம்பதுக்குத் தட்டை மூடி
ஆளியைப் போட்டோம்.
ஆளில்லாத படிகள் ஏறத் தொடங்கின.
எண்ணெய் பிடித்த அந்தக் கையுறையைக்
கைபிடிப் பட்டியில் வைத்தேன்.
ஐந்து விரலையும் விரித்தபடி
அது மேலே போனது,
முதல் ரயிலுக்குப் போகிற ஆள்மாதிரி.