நான்காவது வரிசை

ஜூலை வந்தால் இந்த நாடே கடையை மூடிவிடும்.
பல் வைத்தியர் இல்லை, பிளம்பர் இல்லை.
துர்க்கு நகரத்தில் எங்கள் தெருவில் நாய் குரைத்தால்
அது வெளியூர் நாய்.
நான்கு வார விடுப்பு. ஏரிக்கரையில் மரவீடு.
போன வருடமே சொல்லி வைத்திருந்தேன்:
இந்தமுறை படகுத்துறைப் பலகைகளை மாற்ற வேண்டும்,
நீ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பைவிக்கி மே மாதமே வேறு முனையைப் பிடித்துவிட்டாள்.

தலைமைச் செவிலி வேலைக்கு விளம்பரம்.
எல்லாத் தகுதியும் இருந்தது அவளுக்கு,
கடைசி வரி தவிர:
ஸ்வீடிஷ், பேசும் அளவுக்கு.
பள்ளியில் இருவரும்தான் படித்தோம்.
பரீட்சை முடிந்த மாலையே ஏரியில் கரைத்துவிட்டோம்.

வகுப்புக்குப் போயேன் என்றேன்.
வகுப்பில் யாரும் அவசரமாகப் பேசுவதில்லை என்றாள்.

நாவோ தீவில் ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டம்.
பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி, தங்க ஒரு டிரெய்லர்.
முதலாளிக்கு ஃபின்னிஷ் நன்றாகத் தெரியும்;
தெரியாதவர் போல் இருக்க
ஒப்புக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருட இரவுப்பணி.
விடுமுறையில் கூலிக்குப் போகிறாள் என்று
என் தம்பியிடம் எப்படிச் சொல்வது?
மொழி கற்கிறாள் என்றேன்.
அதுவும் சரியாக ஒலிக்கவில்லை.

பலகையின் மறுமுனையைக் கல்லில் வைத்து ஆணி அடித்தேன்.
கோணல்தான். இன்றும் கோணல்தான்.

சனிக்கிழமை படகில் வருவாள்,
நகக்கண்ணில் சிவப்பு, முழங்காலில் மண்.
சவுனாவின் மேல்படியில் உட்கார்ந்து
அந்த வாரச் சொற்களை எண்ணுவாள்:
வாளி. அழுகல். குனி. ஈரம். அடுத்த வரிசை.
முதலாளியின் மகன் வீடார், ஒன்பது வயது,
சொல்லுக்கு ஒரு சாக்லேட் என்று பேரம் பேசி
ஐந்து கெட்டவார்த்தை விற்றிருக்கிறான்.
ஆஸ்பத்திரிக்கு இதில் எது உதவும் என்று கேட்டேன்.
தண்ணீரை அள்ளிச் சூட்டுக்கல்லில் ஊற்றினாள்.
எனக்குத்தான் காது பொசுங்கியது.

ஆகஸ்டில் நேர்முகம். எதிரே மூன்று பேர்.
விடுமுறை எப்படிப் போயிற்று என்று ஸ்வீடிஷில் கேட்டார்களாம்.
மழை, நத்தை, பழத்தின் விலை, முதுகு,
எல்லாம் சொல்லியிருக்கிறாள்.
நடுவே வீடார் விற்ற சரக்கில் ஒன்று நழுவியது.
ஒருவர் சிரித்தார். ஒருவர் குறித்துக்கொண்டார்.
வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாததை அவள் கேட்டுவிட்டாள்.
இரண்டு நாள் வீட்டில் அலமாரிக் கதவுகள் மட்டும் பேசின.

நவம்பரில் ஒரு விடியல்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள்:
தீவுக்காரர் ஒருவர். பக்கவாதம்.
நாற்பது வருடம் துறைமுகத்தில்
எங்கள் மொழியில் அதட்டி வேலை வாங்கியவர்.
தலைக்குள் எந்தச் சுவர் இடிந்ததோ,
ஃபின்னிஷ் மொத்தமும் போய்விட்டது.
விழுந்த வேகத்தில் விலாவில் அடி.
விலா எலும்புக்கு ஸ்வீடிஷில் என்ன?
அவளுக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் வாயில் வரவில்லை.

எந்த வரிசையில் வலிக்கிறது, என்று கேட்டாளாம்.

அவர் அவளையே பார்த்திருக்கிறார்.
பிறகு கட்டைவிரலால் கீழிருந்து மெல்ல எண்ணி,
நான்காவது வரிசை, என்றார்.
அங்கே ஒன்று நசுங்கிக் கிடக்கிறது.

எக்ஸ்ரேயில் அது ஐந்தாவது.
இருந்தாலும்.

அந்தப் பதவி இன்னும் காலியாகவில்லை.
சம்பளச் சீட்டில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது:
மொழிப்படி, மாதம் முப்பத்தெட்டு யூரோ.
ஒரு ஜூலையை மீட்க எத்தனை மாதம் ஆகும் என்று
கணக்குப் போட ஆரம்பித்து
பேனாவை வைத்துவிட்டேன்.

இந்த வருடமும் தோட்டத்துக்கு எழுதியிருக்கிறாள்.
டிரெய்லரில் இரண்டு கட்டில் உண்டு என்று பதில்.
நான் கூரை போடுகிறவன்;
எந்த மொழியில் பேசினாலும் கூரை ஒழுகும்.
ஆனாலும் வாளிக்கு என்ன சொல் என்று நேற்று கேட்டேன்.
சொன்னாள். மறந்துவிட்டது.
கெட்டவார்த்தை ஐந்தும் நினைவிருக்கிறது.