ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது

ஷுவைக். கராஜ் வரிசையில் ஒன்பதாவது ஷட்டர்.
வெளியே ஜூலைப் புழுதி; இறக்கிவிட்டோம்.
வண்டி கறுப்பு. கறுப்பு எதையும் மறைக்காது,
டார்ச் அடித்தால் சிலந்தி நூலாய்க் கீறல்கள்.
இரண்டு நாள் தேய்த்து எடுத்தேன்.

பிறகு அந்தக் குப்பி.
கண்மருந்து அளவுதான், என் எட்டு நாள் சம்பளம்.
துணியில் ஆறு சொட்டு.
குறுக்கே ஓர் இழுப்பு, நெடுக்கே ஓர் இழுப்பு,
மண்ணெண்ணெய் சிந்திய மழைக்குட்டை போல
வானவில் ஓடும்.
அது மங்கும் நேரம் பார்த்துத் துடைக்கணும்.
தாமதித்தால் கல்.

காக்கை எச்சம், கடல் உப்பு, எதுவும் ஒட்டாது,
ஐந்து வருடம் உத்தரவாதம் என்பார் முதலாளி.
ஒரு வாரம் மட்டும் நனைக்காதீர்கள்.

நேற்று அடையாள அட்டை புதுப்பிக்கப் போனேன்.
மெஷினில் கட்டைவிரல் வைத்தேன். சிவப்பு.
சட்டையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
ஸ்பிரிட்டும் பாலிஷும் பதினோரு வருடமாய்த் தின்ற விரல்.
‘ஒரு வாரம் கைக்கு வேலை கொடுக்காமல் வா’
என்றான் கவுண்டர்க்காரன்,
ஏதோ லீவு அவன் தருவது மாதிரி.

இன்று காலை,
விளக்குச் சூட்டில் இறுகிய வண்டியைச் சுற்றி வந்த திலக்
பெட்ரோல் மூடியருகே நின்றுவிட்டான்.
‘சுடலைமணி பாய், இது யாருது?’
கையுறை எப்போது கிழிந்ததோ.
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன்:
சுழி, வரி, நடுவே பிளேடு வெட்டிய தழும்பு,
ஒன்றுகூட விடாமல்.

ஆறு மணிக்கு ஓனர் வருவார்.
உப்புத்தாள் எடுத்தேன்.
நாற்பது நிமிடம் ஆயிற்று.
லேசில் போகவில்லை.