அடிக்குறிப்பு

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கோப்பாயில்
குடும்பநல உத்தியோகத்தர் இருபத்தாறு பேருக்கு
இந்த வரைபை நான் விளங்கப்படுத்த வேணும்.
நாட்டின் போசணை உள்ளெடுப்பு, அறுபது ஆண்டுகள்.
நீலம் மாச்சத்து, சிவப்பு புரதம், மஞ்சள் கொழுப்பு.
கொழும்பிலிருந்து நிறத்தோடுதான் வந்தது.
எங்கள் அச்சுப்பொறியில் மஞ்சள் மை முடிந்துவிட்டதால்
கொழுப்பு மட்டும் தாளில் விழவில்லை.

முதலில் அச்சுகளைப் பாருங்கோ என்று தொடங்குவேன்.
கிடையாகப் போவது காலம்.
நிமிர்ந்து நிற்பது, ஆளுக்கு நாளொன்றுக்கு.
அந்த ஆள் ஆர் மிஸ் என்று ஒருத்தி கேட்பாள்.
எமில்டாவாய்த்தான் இருக்கும், குருநகர்க்காரி,
போனமுறையும் கேட்டவள்.
தொட்டிலில் கிடக்கிற பிள்ளையையும்
துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனையும் கூட்டி
தலைக்கணக்கால் பிரிக்க வருகிற ஆள், என்பேன்.
அவருக்குக் கிளினிக் கார்ட் இருக்கோ, என்பாள்.
சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை,
அதையும் காட்டவேணும்.
நாற்பது கிராமில் தொடங்குகிறது.
அதனால்தான் இரண்டு கிராம் கூடினதெல்லாம்
மலை மாதிரித் தெரிகிறது.
யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை,
எந்த மேட்டையும் சந்தேகிக்க எங்களுக்கு உரிமை உண்டு.

இது தின்றதன் கணக்கல்ல, வாங்கினதன் கணக்கு.
வாசலில் வந்து நின்றவர் கேட்டு எழுதியது:
அரிசி எத்தனை கிலோ, பருப்பு எவ்வளவு,
டின்மீன் மாதம் எத்தனை.
நாய்க்கு வைத்ததும், சட்டியில் அடிப்பிடித்ததும்,
கணவன் சாப்பிட்ட பிறகு மிஞ்சாமல் போனதும்
கோட்டில் தெரியாது.
மிஞ்சாமல் போனதை எப்படி வரைவது என்று
எனக்கும் தெரியாது.

வலப்பக்கத்தில் கோடு முடிகிற ஆண்டைப் பாருங்கோ.
பால்மாவுக்கு விடிய நாலு மணிக்கு
வரிசையில் நின்றோமே, அதற்கு முந்தின ஆண்டு.

இனி அடிக்குறிப்பு.
எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து.
சில ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள்
சேர்க்கப்படவில்லை.
எந்த ஆண்டுகள் என்று இல்லை.
எனக்குத் தெரியும்.
சீனியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும்
ஆனையிறவைத் தாண்டாத ஆண்டுகள்.
வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டி ஒரு துண்டு,
மூன்று பேர் முறைவைத்துக் கடித்தோம்.
கடைசியாய்க் கடிக்கிறவருக்குக் கூடவா குறையவா என்று
நானும் தம்பியும் அடிபட்டோம்.
நிறுத்திருந்தால் ஆளுக்கு நாலு கிராம்.
ஆர் நிறுத்தது.

அந்த இடத்தில் கோடு மெல்ல ஏறிப் போகிறது.
பொய் என்று சொல்லமாட்டேன்.
இரண்டு புள்ளி இருந்தால் கணினி சேர்த்துவிடும்,
நடுவில் ஆக்கள் இருக்கினம் என்று
ஒருவரும் அதற்குச் சொல்லவில்லை.

பிறகு ஓரிடத்தில் சிவப்பு சறுக்குகிறது, பார்த்தீர்களா?
போர் ஓய்ந்து கணக்கெடுப்பு இங்கே வந்த ஆண்டு.
பின்வரிசையில் ஒருத்தி எழுதிக்கொள்வாள்:
மக்கள் புரதம் உண்பது குறைந்தது.
இல்லை.
அந்த ஆண்டு எவரும் குறைத்துச் சாப்பிடவில்லை.
நாங்கள் பந்தியில் வந்து குந்தினோம்.

இப்போது இரவு பத்தரை.
மகளின் நிறப்பெட்டியில் மஞ்சள் பேனை இருந்தது.
இருபத்தாறு தாளிலும் கொழுப்பைக் கையால் இழுக்கிறேன்,
கணினித் திரையைப் பார்த்துப் பார்த்து.
எண்பதுகளின் முடிவுக்கு வந்ததும்
பேனையைத் தூக்கி,
விரலிரண்டு வெள்ளையாய் விட்டு,
அப்பால் ஊன்றித் தொடங்குகிறேன்.
நித்திரை தூங்கி
ஏழாவது தாளில் மட்டும்
நிற்காமல் இழுத்துவிட்டேன்.
அழிக்க முடியாத மை.

அதை எமில்டாவிடம் கொடுப்பேன்.
பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு
அவள் கை உயர்த்துவாள்.