எழுபத்தொன்று சதவீதம்

ஜெனிலாவுக்கு மூன்று முறை
தாலி ஏறாமல் போனது.
மாப்பிள்ளையின் கை நீளும்,
நான் சேர்த்த பூமழை மெதுவாக இறங்கும்,
எழுபத்தொன்று சதவீதம்,
பட்டென்று கறுத்துவிடும் திரை.

மின்வாரியத்தைத் திட்டினேன்.
டியூப்லைட் அணையவில்லை. எதிர்வீட்டு மிக்சி
தேங்காய் அரைத்துக்கொண்டுதான் இருந்தது.
ஆரல்வாய்மொழியில் உட்கார்ந்துகொண்டு
கரண்டு போதவில்லை என்றால்
காற்றாலை சிரிக்கும்.
அதுவும் ஆனி மாதம்,
மேசையில் ஒரு பில் தங்காத காற்று.

நாகர்கோவில், செட்டிகுளம், மாடிக்கடை.
பெர்சியா என் பழைய சப்ளையை
ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தாள்,
கத்தரிக்காய் நிறுப்பதுபோல.
"எழுநூற்றைம்பதுன்னு எழுதியிருக்கு,
உள்ள ஒண்ணும் இல்லண்ணே.
கேபினெட்டோட சும்மா வந்ததா?"
சும்மாதான் வந்தது.
"புது கார்டு போட்டப்ப இத மாத்தல்லியா?"
கார்டுக்கு இருபத்தெட்டாயிரம் எண்ணிய கை
கண்ணில் படாத ஒன்றுக்கு
ஐயாயிரம் எண்ணக் கூசியது.
அதைச் சொல்லவில்லை.

பில்லின் பின்பக்கம் கூட்டினாள்.
கார்டு இருநூறு, புராசசர் நூற்றிருபது,
போர்டு டிஸ்க் விசிறி சில்லறையெல்லாம் எண்பது.
நானூறு.
"அப்போ நானூற்றைம்பது போதுமே?"
"அது நடக்கும்போது உள்ள கணக்கு.
கார்டு ஒரு நொடி துள்ளும் பாத்துக்கிடுங்க,
அந்த நொடிக்குத்தான் காசு."
"அப்போ ஆயிரமே தா."
"ஒரு சாயா போட
கல்யாண வார்ப்பு எதுக்குண்ணே?"

அறுநூற்றைம்பது எடுத்துவந்தாள்.
வாங்கும்போது கை தாழ்ந்தது.
ஸ்டிக்கரில் பன்னிரண்டு வோல்ட் வரியை மட்டும்
நகத்தால் கோடிட்டுக் காட்டி,
"இதப் பாத்து வாங்கணும். மத்ததெல்லாம்
பத்திரிகையில பேருக்குப் பின்னால போடுற பட்டம்."

வடசேரியில் ஏறினேன். மடியில் பெட்டி.
தோவாளையில் பிச்சி வாசம் ஏறி இறங்கியது.
பிறகு மலை ஒதுங்க, காற்றாலைகள்.
காற்று இருந்தும்
இரண்டு மூன்று நின்றிருந்தன.
யாரிடம் கேட்பது?

இரவு ஒன்றரை மணி.
அறுபத்தெட்டு. எழுபது.
நானே வெட்டி ஒட்டிய காட்சிதான்,
ஆயினும் எழுந்து நின்றேன்.
எழுபத்தொன்று.
பூ இறங்கியது, கை நீண்டது,
முடிச்சு விழுந்தது.
எழுபத்திரண்டு.

புதுப் பெட்டியில் சத்தமே இல்லை.
ஓடுகிறதா என்று குனிந்து
பின்னால் கையை வைத்துப் பார்த்தேன்.
இளஞ்சூடாக
கொஞ்சம் காற்று.