கட்டைவிரல்

கொல்மாரில், கால்வாய்க்கு முதுகு காட்டி நிற்கிற
பதினான்கு மேசை உணவகத்தில்
எட்டு வருசமாகத் தட்டு ஏந்துகிறேன்.
என் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது.
என் இடக்கைக் கட்டைவிரலைக் கண்டிருக்கலாம்.
ஒசாகாவில் ஒருத்தியின் போனில்,
போர்த்தோவில் யாரோ இருவரின் தேனிலவில்,
தட்டின் ஓரம், ஏழு மணி முள் நிற்கும் இடத்தில்,
நகம் ஒரு பக்கம் கறுத்து
அது இருக்கிறது.
டின்மீன் மூடி கிழித்த காயம்.
யாரும் கேட்டதில்லை.

எங்கள் சட்டிக்கறி பேர்போனது.
மாடும் பன்றியும் ஆடும்
வெள்ளை வைனில் ஓரிரவு ஊறி,
உருளைக்கிழங்குக்கு அடியில் ஒடுங்கி,
மூடியைச் சுற்றி மாவு பூசிக் கட்டியபின்
மூன்றரை மணி நேரம் அடுப்புக்குள் கிடக்கும்.
மேசைக்கு வந்தபிறகுதான் கட்டை உடைப்பேன்.
உடைத்ததும் எழும் ஓர் ஆவி.
ஒன்றே ஒன்று.

"ஒரு நிமிசம்" என்கிறார்கள் எல்லா மொழியிலும்.
"போன் திறக்கவில்லை,
மறுபடி மூடித் திறக்க முடியுமா?"
மூடுவேன். திறப்பேன்.
இரண்டாம் தரம் வருவது ஆவியல்ல,
பெருமூச்சு.
அதையும் எடுப்பார்கள்.
"இன்னும் கொஞ்சம் சரியுங்கள், வெளிச்சம் போதாது."
சரிப்பேன். சூடு
துணியைத் தாண்டி விரலுக்கு வரும்.
சிரித்துக்கொண்டு நிற்பேன்,
படத்தில் விழாத சிரிப்பு.

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் லூசியன்
விநாடி எண்ணுவான்.
குழம்பின் மேல் ஆடை படர்வது
அவன் தோலில் படர்வதுபோல் துடிப்பான்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று
ஒருநாள் அவனுக்குப் பிரெஞ்சில் சொன்னேன்.
கஞ்சி என்றால் என்ன என்று
அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.
பிறகு குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டான்,
எழுத்துப் பிழையோடு.

போன இலையுதிர் காலத்தில்
முதலாளியம்மா ரிட்சென்தாலர்
வாசலில் ஓர் அறிவிப்பு மாட்டினாள்:
இங்கே சாப்பாட்டைப் படம் பிடிக்க வேண்டாம்.
அழகான எழுத்து. கரும்பலகை, சிவப்புச் சுண்ணாம்பு.
வந்தவர் போனவர் எல்லோரும்
அந்தப் பலகையைப் படம் பிடித்தார்கள்.
மூன்றாம் சனிக்கிழமை
ஆறு மேசை காலி.
பலகையில் இப்போது அன்றைய சூப்பின் பெயர்.

யார் சரி? எனக்குத் தெரியாது.
தொடக்கத்தில் நாவூறு என்று நினைத்தேன்.
தின்னமுன் இத்தனை கண் விழுந்த சோறு
எப்படிச் செமிக்கும்?
ஆனால் திரும்பி வருகிற தட்டுகளையும் நான்தான் எடுக்கிறேன்.
படம் பிடித்தவர்களும் வழித்துத் தின்கிறார்கள்.
பிடிக்காதவர்களும் மிச்சம் வைக்கிறார்கள்.

நாலாம் மேசையில் ஒருநாள்
நகக்கண்ணில் சீமெந்து காயாத ஒரு மேசன்,
தனியாக.
சட்டியை எடுத்தான், யாருக்கோ அனுப்பினான்,
முள்ளுக்கரண்டியைத் தொடாமல் இருந்தான்.
ஐந்து நிமிசம். ஏழு.
லூசியன் உள்ளே கெட்ட வார்த்தை சொன்னான்.
சூடாக்கித் தரவா என்று போய்க் கேட்டேன்.
"வேண்டாம். இப்பத்தான் பார்த்தாள்."
சாப்பிடத் தொடங்கினான்.
உள்ளே போய் லூசியனிடம்
உப்புச் சரியாம் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் கலியாண நாளுக்கு
முல்ஹவுசில் ஒரு போர்த்துக்கேயக் கடைக்குப் போனோம்.
சுட்ட மீன் வந்தது.
சுகிர்தா போனை உயர்த்தினாள்.
இங்கேயுமா என்று கேட்கத்தான் வாய் எடுத்தேன்.
அதற்குள் என் கை
தட்டின் விளிம்பைப் பிடித்து
விளக்குப் பக்கம் திருப்பி
அளவாய்ச் சரித்திருந்தது.
கொண்டுவந்த பொடியன் என் கையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
தன் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

படத்தில் மீனின் கண்,
பாதித் தேசிக்காய்,
ஏழு மணியில்
அது.

"இஞ்சேருங்கோ, உங்கட விரல் வந்திட்டுது.
வெட்டிவிடட்டோ?"

விடப்பா, என்றேன்.
மீன் ஆறுது.