ஆறு பி

ஐந்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து
நாற்பத்திமூன்று பேர்.
ஜூன் முழுக்க என் வேலை
கணக்குச் சொல்லித் தருவதல்ல;
கணக்குக்கும் அறிவியலுக்கும் நடுவே
ஒரு மணி அடிக்கும், பயப்படாதீர்கள் என்பது.

அங்கே ஒரே டீச்சர்.
தமிழும் அவர், பின்னமும் அவர்,
சத்துணவு முட்டையை உரித்துத் தருவதும் அவர்.
இங்கே நாற்பது நிமிடத்துக்கு ஒரு முகம்.
'போன டீச்சரு கோவிச்சுட்டுப் போயிட்டாங்களா?'
சுவஸ்திகா கேட்டாள்,
முதல் நாள், மூன்றாம் பீரியட்.

எல்லா நோட்டையும் எல்லா நாளும்
சுமந்து வந்தார்கள்.
சுவரில் ஒட்டிய கால அட்டவணையை
ஒருவரும் நம்பவில்லை.

பெண்கள் கழிப்பறை
சைக்கிள் ஷெட்டுக்கு அக்கட்டால என்று
கரும்பலகையில் படம் போட்டேன்.
கூட்டிப்போக வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர்
சாக்பீஸை வாங்கி
பிளஸ் டூ அண்ணன்கள் நிற்கும் வேப்பமரத்தைச்
சுற்றிப் போகிற மாதிரி
என் வழியைத் திருத்தினார்கள்.

பிரகதீஷ் மட்டும் கத்தினான்.
'உள்ளேன் டீச்சர்' ஹெட்மாஸ்டர் அறை வரை கேட்டது.
ரப்பர் கடன் கேட்டால்
ஏழாம் வகுப்பு திரும்பிப் பார்த்தது.
சமூக அறிவியல் சார் வெளியே நிறுத்தினார்.
இங்கிலீஷ் மிஸ் டைரியில் எழுதினார்.
'ஏன்டா கத்தறே?'
'கத்துலீங் டீச்சர்.'
அதையும் கத்தித்தான் சொன்னான்.

டைரியில் கையெழுத்து வரவில்லை,
நானே போனேன்.
சாமளாபுரம் தாண்டி, தகர ஷெட், ஆறு விசைத்தறி.
நூல் முடிந்துகொண்டிருந்த அம்மாவின் வாய் அசைந்தது.
வாங்க என்றிருப்பார்.
காபி வேண்டாம் என்று நான் கத்தினேன்.
பையன் நல்லாப் படிக்கிறானுங்க என்று
இன்னும் கத்தினேன்.
அன்றிரவு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஸ்டாஃப் ரூமில் கரகரத்த குரலில் சொன்னதும்
சமூக அறிவியல் சார் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.
மறுநாள் அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றியிருந்தார்.
சுவஸ்திகா தானாகவே ஒன்று கண்டுபிடித்தாள்:
அவன் குரல் ஏறும்போது
காற்றில் ஒரு ரேடியோ குமிழைத் திருகுவாள்.
அவன் சிரித்துவிட்டுக் குறைப்பான்.
ஆடிக்குள் பாதி பழகியிருந்தது,
அவனுக்கோ எங்களுக்கோ.

ஆவணியில் கூலி உயர்வு கேட்டுத்
தறிகளை நிறுத்தினார்கள்.
ஒரு நாள், ஒரு வாரம், பதினாறு நாள்.
காலையில் டவுன் பஸ்ஸில் வரும்போது
ஊருக்கே காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பிரகதீஷ்.
பதில் இல்லை.
பிரகதீஷ்.
ஆப்சென்ட் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.
முதல் பெஞ்சில், எனக்கு இரண்டடியில்,
உட்கார்ந்திருந்தான்.
'சொன்னனுங் டீச்சர்.'
கண் சிவந்திருந்தது.
'ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்.
சத்தமே இல்லீங்.'

பின்னாலிருந்து சுவஸ்திகா
குமிழை எதிர்ப்பக்கம் திருகிக் காட்டினாள்.
அவன் பார்த்தான்.
சிரிக்கவில்லை.

ரெஜிஸ்டரில் அடித்தல் திருத்தல்
இருக்கக்கூடாது என்பது விதி.
சிவப்பு மையில் திருத்தி
பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன்.