இரண்டு கூடுதல்

பதினோராம் கேமராவில்
அவன் குனிந்து ஷூ லேஸ் கட்டினான்.
பள்ளிக்கூட ஷூ.
அதில் லேஸ் கிடையாது, ஒட்டுப்பட்டைதான்.

தில்பகதூர் கையைப் பிடிக்கவில்லை.
தொடக்கூடாது என்பது முதல் விதி.
"தம்பி, பில்" என்றான்,
அவனுக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களில்.

வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் எங்கள் அலுவலகம்.
கதவு திறந்தே இருக்க வேண்டும், அது இரண்டாவது.
ஃபிரீசர் இரைச்சலுக்கு நடுவே
காலுறையை இறக்கி எடுத்து வைத்தான்:
கால்பந்து வீரர் அட்டைகள், இரண்டு பொட்டலம்,
ஒரு ரியால் இருநூறு பைசா.
வெள்ளிக் காகிதம் வியர்த்திருந்தது.
உள்ளே யார் முகம் இருக்கிறது என்று
அவனுக்கே இன்னும் தெரியாது.

போலீசைக் கூப்பிடுவதில்லை நாங்கள்.
கருணை என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
ஒரு ஆள் போய் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டால்
வியாழன் ராத்திரி மூன்றாம் கவுண்டரில் யார் நிற்பது?
மேனேஜர் நௌஷாத் சொல்வார்:
"பையனுக்கு வயசு பன்னிரண்டு.
அவன் விசா அப்பன் விசாவுல தொங்குது.
ஒரு நூலை இழுத்தா
சோஹார் துறைமுகத்துல ஒரு கிரேன்காரன் குறைவான்,
நம்ம கடையில மாசம் நூற்றிருபது ரியால் குறையும்."
அவர் அழுத்திச் சொன்னது கடைசி வரியை.

பெயர் கேட்டேன். வேறு யாரோ ஒருவனின் பெயரைச் சொன்னான்.
பையிலிருந்து எட்டிப்பார்த்த நோட்டு அட்டையில்
ஜெரோஷ், ஏழு பி.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
"அப்பா நம்பர் வேண்டாம், அம்மா நம்பர் தர்றேன்."
பேரம் பேசுகிற குரல் இல்லை அது,
பேரம் முடித்துவிட்ட குரல்.

விஜிலா ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்தாள்,
டியூட்டி பாதியில்.
அவனை அடிக்கவில்லை.
மேசையில் கிடந்த பொட்டலங்களை
மாத்திரை எண்ணுகிறவளைப் போல
விரலால் நகர்த்தி எண்ணினாள். ஒன்று. இரண்டு.
மறுபடியும் முதலிலிருந்து.

படிவம் முழுக்க அரபி.
"என்ன எழுதியிருக்கு?"
எனக்கும் வாசிக்கத் தெரியாது,
நௌஷாத் சொல்லிச் சொல்லி மனப்பாடம்.
மூன்றாம் வரியில் அந்தச் சொல் இருக்கிறது.
மூன்றாம் வரியை நான் தாண்டினேன்.
"பணம் கட்டாத பொருள், தொகை, தேதி.
ஆறு மாசத்துக்குப் பெரியவங்க இல்லாம கடைக்கு வரக்கூடாது."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
என்னையே பார்த்தாள்.
ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா
அவ்வளவுதான் என்று எப்போது சொல்வார்கள் என்று.
கையெழுத்துப் போட்டாள்.

பணத்தைச் சில்லறை மீதியில்லாமல் வைத்தாள்.
பொட்டலங்களைத் தொடவில்லை.
"உங்களோடதுதானே, எடுத்துட்டுப் போங்க" என்றேன்.
அதற்குள் அவர்கள் வெங்காயத்தைத் தாண்டியிருந்தார்கள்.

மாதக் கடைசியில் சரக்கு எண்ணினோம்.
ஷேவிங் பிளேடு ஒன்பது குறைவு.
பாதாம் நாலு, உதட்டுச்சாயம் ஆறு குறைவு.
அட்டைப் பொட்டலம் இரண்டு கூடுதல்.
"கூடுதல் எப்படிடா வரும்?" என்றார் நௌஷாத்.
குறைவுக்குக் காரணம் எழுத
கம்ப்யூட்டரில் ஏழு கட்டங்கள் உண்டு.
கூடுதலுக்கு ஒன்றுமே இல்லை.
எண்ணும்போது தவறு என்று
என் பெயரில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் வருகிறார்கள்.
அவன் இரண்டடி பின்னால்,
கைகள் பாக்கெட்டுக்கு வெளியே.
ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது,
யாரும் அதை அவனிடம் சொல்லவில்லை.
வெளிவாசலில், யாரும் கேட்பதற்கு முன்பே
விஜிலா கைப்பையைத் திறந்து பிடிக்கிறாள்:
சீப்பு, தைலம், மடித்த பில்,
வீட்டுச் சாவி.

தில்பகதூர் ஒவ்வொரு முறையும்
கூரையைப் பார்க்கிறான்.
அங்கே இருப்பது முதலாம் கேமரா.
அதற்குப் பின்னால் நான்.